பழைய ஃபெராரி வாங்கும் முன்: விற்பவரை விடுங்கள், காரைக் கேளுங்கள்

புது ஃபெராரி வாங்குகிறவருக்கு யாரும் யோசனை சொல்லத் தேவையில்லை. ஷோரூமே காபி கொடுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். இது வேறு ஆட்களுக்கு. பிரிட்டனில் வேலை பார்த்துக்கொண்டு, வீட்டுக் கடனையும் ஓரளவு அடைத்துவிட்டு, சின்ன வயதில் நோட்டு அட்டையில் ஒட்டி வைத்த காரை ஒரு தடவையாவது சொந்தமாக்கிவிடலாமா என்று ராத்திரி பதினோரு மணிக்கு விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு. ஊருக்கு எடுத்துப்போய் ஓட்டலாம் என்று நினைத்தால் இப்போதே விட்டுவிடுங்கள், மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய விதி இடம் தருவதில்லை.

உதாரணத்துக்கு ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன்: ஃபெராரி எஃப்430. 2004 பாரிஸ் கண்காட்சியில் வந்தது, 2009 வரை செய்தார்கள். ஏன் இது? புது போர்ஷே 911 ஒன்றின் விலைக்குள் கிடைக்கிறது. இதில் என்னென்ன கெடும் என்பது இத்தனை வருடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஃபெராரி டீலர் அல்லாத நல்ல தனி மெக்கானிக்குகளுக்கு இந்தக் கார் அத்துப்படி. முக்கியமாக, இதில் டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளைத் தாளம் தப்பாமல் இயக்கும் ரப்பர் பட்டை) கிடையாது, செயின். இதற்கு முந்தைய 360 மாடலுக்கு சில வருடங்களுக்கு ஒரு முறை பெல்ட் மாற்ற வேண்டும். அதற்கும் முந்தைய எஃப்355-இல் பெல்ட் மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். அந்தச் செலவு எஃப்430-இல் இல்லை என்பதே பாதி நிம்மதி.

சரி, விளம்பரத்தில் என்ன போட்டிருப்பார்கள்? 490 குதிரைத் திறன், நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 4 நொடி, உச்ச வேகம் 315-க்கு மேல். இதெல்லாம் உண்மைதான், ஆனால் வாங்குகிறவருக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் எல்லா எஃப்430-க்கும் இதே எண்கள்தான். உங்களுக்கு உதவுகிற கணக்கு வேறு. இந்த எஞ்சின் 4,308 சிசி, எட்டு சிலிண்டர். பிஸ்டன் ஒரு தடவை ஏறும் தூரம் 81 மில்லிமீட்டர். முழு சக்தி வருவது 8,500 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 8,500 தடவை சுற்றும்போது. அப்போது ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு நொடிக்குள் 141 தடவை மேலே போய்க் கீழே வருகிறது, சராசரியாக நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில், ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பிக்கொண்டு. இதைத் தாங்குகிற மாதிரித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் தாங்குவதற்கு ஆயில் சரியான சூட்டில், சரியான அழுத்தத்தில் இருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினை வைத்துக்கொண்டு நண்பர்களுக்குச் சத்தம் காட்டியவரின் காரும், பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிச் சூடாக்கிய பிறகு மிதித்தவரின் காரும் விளம்பரத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை. விற்கிறவர் பொய் சொல்லலாம், அல்லது அவருக்கே தெரியாமல் இருக்கலாம், மூன்றாவது உரிமையாளர் என்றால் முதல் ஆள் என்ன செய்தார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கார் பொய் சொல்லாது, கேட்கத் தெரிந்தால் போதும்.

வீட்டிலிருந்தே பார்க்க வேண்டியது

பிரிட்டனில் ஒரு பெரிய வசதி, நம்பர் பிளேட்டை அரசு இணையதளத்தில் போட்டால் அந்தக் காரின் எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை) வரலாறு காசு இல்லாமல் வந்துவிடும். ஒவ்வொரு வருடமும் எத்தனை மைல் ஓடியிருந்தது, எதில் பாஸ், எதில் ஃபெயில், என்ன எச்சரிக்கை எழுதினார்கள், எல்லாம். பலர் இதில் மைல் குறைக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதைவிட முக்கியமான ஒன்று அங்கே இருக்கிறது: இடைவெளி. மூன்று எம்ஓடிக்கு இடையில் மொத்தமே எண்பது மைல் கூடியிருந்தால் அந்தக் கார் இரண்டு வருடம் நின்றுகொண்டிருந்தது என்று அர்த்தம். விற்பவர் அதை 'மிகக் குறைவாக ஓடியது' என்று பெருமையாகப் போட்டு அதற்குத் தனியாகக் காசும் கேட்பார். என்னைக் கேட்டால் அதற்கு விலை குறைய வேண்டும். நின்ற காரில் ரப்பர் சீல்கள் காய்கின்றன, பிரேக் ஆயில் ஈரம் குடிக்கிறது, பேட்டரி இறங்கி இறங்கி மின்னணுப் பெட்டிகள் கண்ட கண்ட ஃபால்ட் கோடுகளை (பழுதுக் குறியீடுகளை) போடுகின்றன, டயர் ஒரே இடத்தில் தட்டையாகிறது. வருடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் மைல் ஒழுங்காக ஓடி, ஒவ்வொரு வருடமும் சர்வீஸ் பில் இருக்கிற 30,000 மைல் கார், 9,000 மைல் ஓடி மூடி வைக்கப்பட்ட காரைவிட எனக்கு மேல்.

எச்சரிக்கை வரிகளையும் படியுங்கள். 'பால் ஜாயின்டில் (சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டு) லேசான ஆட்டம்' என்று ஒரு வருடம் எழுதி, அடுத்த வருடமும் அதே வரி இருந்தால், அந்த உரிமையாளர் செலவு செய்யாதவர். ஃபெராரி பட்ஜெட் இல்லாமல் ஃபெராரி வைத்திருந்தவரிடம் வாங்குவதுதான் இருப்பதிலேயே ஆபத்து.

அப்புறம் பாக்கிக் கடன் இருக்கிறதா, விபத்துக்குப் பிறகு சரி செய்வது கட்டாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தடவை கழித்துவிட்ட காரா என்று காசு கட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, அதைச் செய்தே ஆக வேண்டும். 2017 அக்டோபரிலிருந்து, சரி செய்து மறுபடி ஓட்டக்கூடிய விபத்துக் கார்களுக்கு எஸ், என் என்று இரண்டு வகை வைத்திருக்கிறார்கள்: எஸ் என்றால் சட்டகத்திலேயே அடி, என் என்றால் சட்டகத்தில் அடி இல்லை. எஃப்430-இன் சட்டகம் முழு அலுமினியம், அதைச் சரியாக நிமிர்த்தி ஒட்டத் தெரிந்த பட்டறைகள் குறைவு. எஸ் வகைக் கார் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் தொட மாட்டேன்.

ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது. 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார் என்றால் அதிகப் புகை விடும் கார்களுக்கான மேல் இரண்டு வரி அடுக்குகளுக்குள் வராது. ஒரே மாடல், ஒரே நிறம், பதிவான தேதி சில வாரம் முன்னே பின்னே, ஆனால் வருட ரோடு வரியில் 300 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். கார் விலைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லைதான், இருந்தாலும் காரணமில்லாமல் ஏன் கட்ட வேண்டும்?

ஸ்பைடர், அதாவது கூரை மடியும் எஃப்430, பார்க்கிறீர்கள் என்றால் ஒன்று கூடுதலாக. கூரையை மடிக்கும் ஹைட்ராலிக் குழாயில் கசிந்து, ஆயில் சூடான எஞ்சின் பக்கம் போய்த் தீப்பிடிக்கலாம் என்று முதல் வருடங்களின் ஸ்பைடர்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது. அந்த வேலை முடிந்ததற்குச் சான்று கேளுங்கள்.

நேரில் போகும்போது

போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போய் இறங்கியதும் முதலில் எஞ்சின் மூடிமேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் 'உங்களுக்காக வெளியே எடுத்து வைத்தேன்' என்பார். இருக்கலாம். ஆனால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் மட்டும் கேட்கிற சத்தங்கள் சில உண்டு, அவை உங்களுக்குக் கேட்காமல் போய்விட்டன. இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம், தப்பில்லை.

டிரைவர் கதவைத் திறங்கள், திறந்தவுடன் அசையாமல் நில்லுங்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள பேடில்களை விரலால் இழுத்துக் கியர் மாற்றும் காரில், அதாவது ஃபெராரி 'எஃப்1' என்று பெயர் வைத்த கியர்பாக்ஸில், கதவு திறந்ததுமே பின்பக்கத்திலிருந்து ஒரு ஹைட்ராலிக் பம்ப் 'ம்ம்ம்' என்று ஓடி அழுத்தத்தை ஏற்றும். சில நொடியில் நிற்க வேண்டும். நீண்ட நேரம் ஓடினாலோ, எஞ்சின் ஓடும்போது நீங்கள் கியரே மாற்றாமல் சும்மா இருக்கும் நேரத்திலும் அடிக்கடி அது கிளம்பிக்கொண்டிருந்தாலோ, அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டர் போய்விட்டது, அல்லது எங்கோ கசிகிறது, அல்லது பம்பே களைத்துவிட்டது. அக்யூமுலேட்டர் மலிவான பாகம். அதை மாற்றாமல் விட்டால் பம்ப் அதிகமாக ஓடி ஓடிச் சாகும், பம்ப் மலிவு இல்லை. ஒரு பைசா செலவில்லாமல் காதால் மட்டும் செய்கிற சோதனை இது, ஆனால் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் கதவைத் திறந்ததும் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தடவ ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இப்போது ஸ்டார்ட். பின்னால் ஒரு நண்பர் நின்று புகையைப் பார்க்கட்டும், நீங்கள் எஞ்சின் பக்கம் குனிந்து காது கொடுங்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடம் 'டிக் டிக் டிக்' என்று ரெவ்வோடு (எஞ்சின் சுற்றும் வேகத்தோடு) வேகம் கூடுகிற ஒரு மெல்லிய தட்டல் கேட்டு, எஞ்சின் சூடானதும் அது மறைந்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்கள்) விரிசல் என்று சந்தேகப்படுங்கள். எஃப்430-இன் பேர்போன நோய் இதுதான். மெல்லிய தகட்டுக் குழாய், பயங்கரச் சூடு, சூடாகி விரிந்து குளிர்ந்து சுருங்கி ஒரு நாள் பிளக்கிறது. சூடானதும் உலோகம் விரிந்து விரிசல் மூடிக்கொள்வதால் சத்தம் நின்றுவிடும், அதனால்தான் குளிர்ந்த ஸ்டார்ட்டை இவ்வளவு வற்புறுத்துகிறேன். வெறும் சத்தம்தானே என்று விட முடியாது. வெளியே வரும் சூட்டுக் காற்று பக்கத்தில் இருக்கிற சென்சார், ஒயர் எல்லாவற்றையும் வறுத்துவிடும். முந்தைய உரிமையாளர் ஏற்கனவே தரமான வெளி நிறுவன மேனிஃபோல்டு போட்டிருந்தால் 'ஒரிஜினல் இல்லையே' என்று முகம் சுளிக்காதீர்கள், நல்லதுதான். பழைய ஒரிஜினலையும் பெட்டியில் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

ஆயில் அளவு பார்க்கத் தெரியாமல் பார்க்காதீர்கள். இது ட்ரை சம்ப் எஞ்சின், ஆயில் கீழே தட்டில் கிடக்காது, தனித் தொட்டியில் இருக்கும். நன்றாகச் சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். குளிரில் எடுத்துப் பார்த்து 'ஆயிலே இல்லை' என்று ஊற்றி, அளவு மீறி, அது காற்று இழுக்கும் பாதை வழியாகப் போய்ப் புகையாக வந்து, எஞ்சின் போச்சு என்று பயந்தவர்கள் உண்டு.

கியர்பாக்ஸ்: இங்கேதான் காசு

இந்த எஃப்1 கியர்பாக்ஸைப் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது, அதைத் தீர்க்காமல் இந்தக் காரை வாங்கக் கூடாது. இது ஆட்டோமேட்டிக் அல்ல, இப்போது வருகிற இரட்டைக் கிளட்ச் வகையும் அல்ல. சாதாரண ஆறு கியர் மேனுவல் பெட்டி, சாதாரண ஒற்றைக் கிளட்ச். உங்கள் இடது காலுக்குப் பதிலாக ஹைட்ராலிக் அழுத்தம் கிளட்ச்சை மிதிக்கிறது, அவ்வளவுதான். மிதிப்பது கணினி என்பதால் 150 மில்லி நொடியில் கியர் மாறுகிறது, பின்னால் எஃப்430-இன் இன்னும் வேகமான வகையாக வந்த ஸ்குடேரியாவில் அதை 60-க்குக் கொண்டுவந்தார்கள். வேகமாகப் போகும்போது இது பிரமாதம். மெதுவாகப் போகும்போதுதான் தொல்லை. பார்க்கிங்கில் இன்ச் இன்சாக நகர்த்தும்போதும், ரிவர்சில் சரிவில் ஏறும்போதும் கிளட்ச் பாதிப் பிடிப்பில் வழுக்கிக்கொண்டே இருக்கும், கணினிக்கு மனிதக் காலின் நிதானம் கிடையாது. அதனால் கிளட்ச்சின் ஆயுள் மைலைப் பொறுத்ததில்லை, ஓட்டியவரைப் பொறுத்தது. லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில் டிராஃபிக்கில் ஊர்ந்து காட்சி கொடுத்த கார் 8,000 மைலில் கிளட்ச் தீர்ந்து நிற்கும். வார இறுதியில் மலைப்பாதையில் ஓடிய கார் 25,000 மைல் தாண்டியும் பாதிக் கிளட்ச்சோடு இருக்கும்.

நல்ல செய்தி, இதை ஊகிக்க வேண்டியதில்லை. ஃபெராரிக்கான கண்டறியும் கருவியை இணைத்தால் கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று எண்ணாகவே வரும். விற்பவரிடம் அந்த அச்சுத் தாளைக் கேளுங்கள், சமீபத்திய தேதியோடு. 'கிளட்ச் நன்றாக இருக்கிறது' என்ற வாய்ச்சொல் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: அந்த எண் கணினி கற்றுவைத்த தொடக்கப் புள்ளியிலிருந்து கணக்கிடப்படுகிறது. புதுக் கிளட்ச் போட்டு, தொடக்கப் புள்ளியைச் சரியாகப் பதியாமல் விட்டால் எண் தப்பாக வரும். யாராவது வேண்டுமென்றே தேய்ந்த கிளட்ச்சையே புதிது என்று பதிந்துவிட்டாலும் வரும். அதனால் எண்ணோடு பில்லையும் சேர்த்துப் பாருங்கள்: கிளட்ச் எப்போது மாற்றப்பட்டது, எத்தனை மைலில், யார் மாற்றியது. 12,000 மைலில் மாற்றிய பில் இருக்கிறது, இப்போது 20,000, தேய்வு 40 சதவீதம் என்றால் கதை ஒத்துப்போகிறது. பில்லே இல்லை, 28,000 மைல், தேய்வு 5 சதவீதம் என்றால் ஏதோ சரியில்லை. கிளட்ச் வேலை சில ஆயிரம் பவுண்டு, அந்தத் தொகையை மனதில் வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

மூன்று பெடலோடு வந்த நிஜ மேனுவல் எஃப்430 மிகக் குறைவு, அதனால் விலை எங்கேயோ போய்விட்டது. அதைப் பார்த்து எஃப்1 காரையே மேனுவலாக மாற்றித் தருகிற பட்டறைகளும் வந்துவிட்டன. மாற்றியது தப்பில்லை, ஓட்ட அருமையாகவே இருக்கும், ஆனால் தொழிற்சாலை மேனுவலின் விலையை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். சேசிஸ் எண்ணை வைத்து அந்தக் கார் எப்படி வெளிவந்தது என்று ஃபெராரி டீலர் சொல்லிவிடுவார்.

கணினியைக் கேட்பது

காரின் கணினியில் செருகிப் படிக்கும் ஒரு சாதாரண ஓபிடி ரீடர், இருபது முப்பது பவுண்டுக்குக் கிடைப்பது, பையில் இருக்கட்டும். ஃபெராரியின் உள் ரகசியமெல்லாம் அது சொல்லாது. ஆனால் ஒன்றைச் சொல்லும்: 'ரெடினஸ்' சோதனைகள் முடிந்திருக்கின்றனவா இல்லையா. எஞ்சின் கணினி தன் சென்சார்களையும் புகை வடிகட்டியையும் தானே சோதித்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போடும். அதற்குச் சில நாள் ஓட்டம் வேண்டும். யாராவது ஃபால்ட் கோடை அழித்தால் அந்த டிக் எல்லாம் போய் மறுபடி முதலிலிருந்து. ஆகவே எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாத, பளபளவென்று நிற்கும் காரில் ரெடினஸ் எல்லாம் 'முடியவில்லை' என்று வந்தால், நேற்றோ இன்று காலையோ யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள், இல்லை பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எதற்கு என்று கேளுங்கள், முகத்தைப் பாருங்கள்.

இந்த விஷயத்தில் போர்ஷேதான் ராஜா. 911-இன் 997 தலைமுறை டர்போ, ஜிடி3 மாதிரி கார்களில் எஞ்சின் எந்த ரெவ்வுக்கு மேல் எத்தனை தடவை போனது என்பதை ஆறு அடுக்காகப் பதிந்து வைத்திருக்கும், கடைசியாக எத்தனையாவது மணி ஓட்டத்தில் நடந்தது என்பதோடு. கீழ் அடுக்குகள் பரவாயில்லை, ரெவ் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரைத் தொட்டால் வருவது. மேல் அடுக்குகளில் எண் இருந்தால், ஐந்தாவது போட வேண்டிய இடத்தில் மூன்றாவது போட்டு எஞ்சினை வலுக்கட்டாயமாகச் சுற்ற வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அதுவும் கடைசி சில மணி ஓட்டத்தில் என்றால், நடையைக் கட்டுங்கள். 2006-இல் வந்த 997 டர்போவில் கூலன்ட் குழாய்களை வெறும் பசையால் ஒட்டியிருப்பார்கள், வயதாகிப் பசை விட்டால் ஓட்டத்தில் தண்ணீரெல்லாம் பின் டயர் முன்னால் கொட்டும். அந்தக் குழாய்களை உலோக ஊசி அடித்தோ வெல்டு வைத்தோ சரி செய்த பில் இருக்கிற காரையே தேடுங்கள்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்

டயர்: ரப்பர் எவ்வளவு கனம் மிச்சம் என்று மட்டும் பார்க்காதீர்கள், வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். இந்த மாதிரி கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே கெட்டியாகிவிடும். 2013 நவம்பரில் நடிகர் பால் வாக்கர் பயணித்த போர்ஷே கரேரா ஜிடி விபத்துக்கு அதிவேகமே காரணம் என்று விசாரணை சொன்னது; அந்தக் காரில் இருந்த டயர்களுக்கு ஒன்பது வயது, அதுவும் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்றும் சொன்னது. நல்ல கனம் இருக்கிறதே என்று விற்பவர் காட்டுகிற பத்து வயது டயரை அன்றே மாற்ற வேண்டியது என்று கணக்கில் சேருங்கள். பின் டயரின் உட்புற விளிம்பை போன் வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள், அங்கேதான் முதலில் தேயும்.

பிரேக்: சில எஃப்430-இல் இரும்பு டிஸ்க், சிலவற்றில் கார்பன் செராமிக். செராமிக் டிஸ்க் சாதாரண ரோட்டில் ஏறக்குறைய தேயவே தேயாது. ரேஸ் டிராக்கில் சூடாகும்போது உள்ளே இருக்கும் கார்பனே எரிந்து எடை குறையும், அதனால் தடிமனை அளந்தால் போதாது, கழற்றி எடை போட வேண்டும். குறைந்தபட்ச எடை டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். சக்கரம் மாற்றும்போது அஜாக்கிரதையாக இடித்தால் விளிம்பு உடையும், அதையும் பாருங்கள். நான்கையும் மாற்றுகிற செலவில் ஒரு நல்ல சின்னக் கார் வாங்கலாம். நான் வாங்குவதாக இருந்தால், டிராக் போகிற எண்ணம் இல்லாதபோது, இரும்பே போதும்.

வேகத்தடைமேல் மெதுவாக ஏற்றி இறக்கி 'டொக்' என்று கேட்கிறதா என்று கவனியுங்கள், கேட்டால் பால் ஜாயின்ட். பெயின்ட் கனம் அளக்கும் கருவி கொண்டுபோனால் அலுமினியத்திலும் வேலை செய்கிற வகையாக இருக்கட்டும், இரும்புக்கு மட்டுமானது இங்கே எந்த அளவும் காட்டாது. முன் பம்பரில் மறுபெயின்ட் இருந்தால் பயப்படாதீர்கள், கல் அடித்த இடத்தை எல்லோரும்தான் சரி செய்வார்கள். கதவுத் தூணிலோ கூரையிலோ கனம் மாறினால் பயப்படுங்கள்.

உள்ளே பட்டன்களெல்லாம் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். அந்தக் கால ஃபெராரி எல்லாவற்றுக்கும் உள்ள வியாதி இது, மேலே பூசிய ரப்பர் மாதிரிப் பூச்சு வயதாகி உருகுகிறது. எஞ்சினுக்கு இதனால் ஒன்றும் இல்லை. ஆனால் விலை குறைக்க அருமையான சாக்கு.

வேறு கார்கள் பார்க்கிறீர்கள் என்றால் இவ்வளவு: 458 இத்தாலியா 4.5 லிட்டர், 570 குதிரைத் திறன், 9,000 ஆர்பிஎம் வரை போகிற அற்புதம். கியர்பாக்ஸ் கெட்ராக் நிறுவனம் செய்த ஏழு கியர் இரட்டைக் கிளட்ச், கிளட்ச் தேய்வு என்ற கவலையே இல்லை. ஆனால் பெட்டிக்கு உள்ளே ஒரு சின்ன சென்சார் போனாலும் டீலர் முழுப் பெட்டியையே மாற்றச் சொல்வார், திறந்து சென்சாரை மட்டும் மாற்றுகிற தனி ஸ்பெஷலிஸ்டைத் தெரிந்து வைத்துக்கொண்டு வாங்குங்கள். 2010-இல் சக்கர வளைவுக்குள் இருந்த வெப்பத் தடுப்பின் பசை சூட்டில் தீப்பிடிக்கிறது என்று முதல் கார்களைத் திரும்ப அழைத்து, பசைக்குப் பதில் ஆணி வகைப் பிடிப்பு போட்டுக் கொடுத்தார்கள், அதையும் சரிபாருங்கள். லம்போர்கினி கயார்டோவின் இ-கியரும் எஃப்1 மாதிரியே ஒற்றைக் கிளட்ச், மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும். 2008-இல் வந்த எல்பி560-4 தான் நான் தேடுவேன். மெக்லாரன் எம்பி4-12சி-யின் தொட்டி மாதிரியான கார்பன் ஃபைபர் சட்டகம் வெறும் 75 கிலோ, ஆன்டி-ரோல் பார் இல்லாமல் ஹைட்ராலிக்கிலேயே காரைச் சாயாமல் பிடிக்கிற சஸ்பென்ஷன், ஓட்டும் சுகத்தில் இந்த விலைக்கு வேறு எதுவும் கிட்ட வராது. அந்த சஸ்பென்ஷனின் அக்யூமுலேட்டர்கள்தான் போகும். கம்பெனி வாரன்டி நீட்டிப்பு இல்லாமல் மெக்லாரன் வாங்குவது எனக்குத் தைரியம் போதாத காரியம். நம்பகத்தன்மைதான் எல்லாவற்றுக்கும் மேல் என்றால் 1990-இன் ஹோண்டா என்எஸ்எக்ஸ் இருக்கிறது. முழு அலுமினிய உடல், டைட்டானியம் கனெக்டிங் ராட், தினம் வேலைக்கு ஓட்டலாம். 'அது சூப்பர்காரே இல்லை' என்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

விலை பேசுவதும் அதற்குப் பிறகும்

நீங்களே எல்லாம் பார்த்துத் திருப்தியானாலும், பணம் கொடுக்கும் முன் விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஸ்பெஷலிஸ்டிடம் காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர் லீக்-டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது), அடித்தட்டுகளைக் கழற்றிப் பார்ப்பது, கிளட்ச் எண், ஃபால்ட் கோட் வரலாறு, இவ்வளவும் எழுத்தில் வர வேண்டும். சில நூறு பவுண்டு ஆகும். 'அதெல்லாம் வேண்டாம், நேற்றுதான் சர்வீஸ் ஆனது' என்று விற்பவர் தடுத்தால், அந்த ஒரு வாக்கியத்திலேயே சோதனை முடிந்துவிட்டது, கிளம்பலாம்.

கார் விலையில் பத்தில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள். கையில் இருக்கிற மொத்தத்தையும் காருக்கே கொடுத்துவிட்டால், மேனிஃபோல்டு பிளந்த அன்று நீங்களும் அந்த 'செலவு செய்யாத உரிமையாளர்' வரிசையில் சேர்ந்துவிடுவீர்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள், சந்தை மதிப்பு என்று விட்டால் நஷ்ட ஈடு நேரத்தில் தகராறு வரும்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது அதிகம் இல்லை. பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சார்ஜர் (மெயின்டெய்னர்) எப்போதும் செருகியே இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது, ஆயில் முழுச் சூட்டுக்கு வரும் அளவுக்கு, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் நிறுத்தி வைப்பது ஓட்டாமல் விடுவதைவிட மோசம், எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கிவிடும். தண்ணீர் மீட்டர் நடுவுக்கு வந்தாலும் ஆயில் மீட்டர் வரும்வரை 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் போகாதீர்கள், ஆயில் எப்போதும் பின்னால்தான் வரும். சிக்னலில் நியூட்ரல். இன்ச் இன்சாக நகர்த்தாதீர்கள், முன்னால் இடம் விட்டு நின்று ஒரேயடியாகப் போங்கள். உங்கள் வீட்டு டிரைவ்வே சரிவாக இருந்தால், ரிவர்சில் மேலே ஏற்றி நிறுத்துகிற பழக்கம் மட்டும் வேண்டாம், முன்பக்கமாகவே ஏற்றுங்கள்; இறங்கும்போது ரிவர்சில் அது தானாக உருளும், கிளட்ச்சுக்கு வேலையே இல்லை.